“நிறுத்துங்க” என்று கத்தும் பாட்டு

என் வளரு கண்ணுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. எனக்கு வேலை கிடைத்துவிட்டது. ஒரு வாரப் பத்திரிகையில் ‘இந்த வாரம் கோவையில்’ பக்கத்தை நான்தான் எழுதுகிறேன். வீட்டிலேயே முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள், பெயர் அச்சில் வராத வேலைக்குப் போயிருக்கிறாள் என்று சிரிப்பாய். சிரி.

இந்த வாரம் மூன்று கச்சேரிகள், எல்லாமே சொந்தமாகப் பாட்டுக் கட்டும் குழுக்கள். வெள்ளிக்கிழமை பீளமேட்டில் ஒரு கல்லூரி மைதானம். ஞாயிறு ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மொட்டைமாடி. எந்தத் தலைப்பில் போடுவதென்று தெரியாமல் ஆசிரியர் ‘மெல்லிசை’ என்று போட்டுவிட்டார். உடனே ஒருவர் போன் செய்தார். “ஏனுங்க அம்மணி, காதுகுத்துக்கு வருவாங்களா? பழைய சினிமாப் பாட்டுத் தெரியுமுங்களா?” தெரியாது என்றேன். “அப்புறம் என்னத்தப் பாடுவாங்க?” என்றார்.

நடுவில் சனிக்கிழமை. ரேஸ்கோர்ஸ் பக்கம் சின்ன அரங்கம், மாலை ஆறு மணி. நம் கல்லூரிக் குழுதான், வளரு. உனக்குப் பதில் ஸ்டீபன் பாடுகிறான். உன் பாட்டை.

முதல் வருஷம் டவுன் பஸ்ஸில், இறங்கும் இடம் வந்தும் வாய் திறக்கக் கூச்சப்பட்டு ஹோப் காலேஜ் ஸ்டாப் வரை போய்விட்டேனே, அதைத்தானே நீ பாட்டாக்கினாய். கிதார் உறுமும், டிரம்ஸ் இடிக்கும், அதற்கு மேல் தொண்டை கிழியக் கத்துவாய்: “ஏனுங்க, நிறுத்துங்க! எறங்கோணுங்க!”

புதன்கிழமை ஒத்திகைக்குப் போனேன். அந்த வரி “ஏய், நிறுத்து!” ஆகியிருந்தது. “ங்க, ங்கன்னா ஜனம் சிரிக்குது சாந்தா. ராக் பாட்டுக்குக் கோபம் வேணும்” என்றான் ஸ்டீபன்.

நான் பேசுகிறவள் இல்லை. ஆனால் சனிக்கிழமை கச்சேரிக்கு உன் அம்மா பெருந்துறையிலிருந்து வருகிறார். போன வாரம் போன் பூத்திலிருந்து கூப்பிட்டிருந்தார். “எம்புள்ள பாட்ட ஒருக்காக்கூடக் கேக்கல கண்ணு. ஊட்ல கத்தாதன்னு வஞ்சுபோட்டேன். இப்பக் கேட்டா அது அவ பாட்டுன்னு எனக்குத் தெரியுமா அம்மணி?” நாம் ஒரு கேசட்டில்கூடப் பதிந்து வைக்கவில்லையே. அவர் வந்து உட்கார்ந்து, யாருடைய பாட்டையோ கேட்டுவிட்டுத் திரும்புவதா?

“மாத்தாதீங்க” என்றேன். “அவ கோவத்துலயும் மரியாதையாத்தான் கத்துவா.”

“அப்ப நீயே கத்து” என்றான் கிண்டலாக. ஆனாலும் பழைய வரியைச் சொல்லிப் பார்த்தார்கள். டிரம்ஸ்காரன் சிரித்துவிட்டான். ஸ்டீபன் சொன்னது கண்டக்டரிடம் கெஞ்சுவது போலிருந்தது. நாலாவது தடவை கிதாரைக் கீழே வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தபடி கேட்டான்: “அவ சொல்றப்ப மட்டும் சிரிப்பே வராதுல்ல?”

பிறகு அவனே மைக்கை என் பக்கம் நகர்த்தினான்.

கத்தினேன். உன் குரல் வரவில்லை, எப்படி வரும்? காமாலை முற்றி நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் யாரிடமாவது இப்படிக் கத்தியிருக்க வேண்டும், வளரு. அன்றும் சுவரோரமாக வாய் மூடித்தான் நின்றேன். கத்தியிருந்தால் கேட்டிருப்பார்களா?

சனிக்கிழமை அந்த வரி என்னுடையது. அம்மாவை முதல் வரிசையில் உட்கார வைப்பேன். கேட்டும் அவருக்கு உன்னை அடையாளம் தெரியாமல் போனால், மேடையிலிருந்து இறங்கிவந்து பக்கத்தில் உட்கார்ந்து, நீ எங்கே மூச்சு விடுவாய், எங்கே விடமாட்டாய் என்று ஒவ்வொன்றாகச் சொல்வேன். அவர் போதும் என்கிறவரை சொல்வேன்.

நீ தங்கச்சி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த,
வெள்ளகோவில் சாந்தாமணி