விழுப்புரத்தில் வாங்காமல் வந்த தையல் மெஷின்

கிளியனூர்
18.6.88

அன்பு மகன் சீனுவாசனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உன் தங்கை தனமும் சுகம், நீயும் மருமகளும் பம்பாய் மழையில் நனையாமல் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். மல்லாட்டை இந்தத் தடவை செடிக்குச் செடி கடலை பிடித்து நன்றாக விளைந்து, திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் நல்ல விலைக்கே போனது. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை.

உன் ஆபீசுக்கு வந்த பேங்க்காரர் கிரெடிட் கார்டு எடுக்கச் சொல்வதாக எழுதியிருந்தாய். முதல் வருடம் கட்டணம் இல்லை, சூட்கேஸ் இனாம், கையில் காசில்லாமலே ஃபிரிட்ஜ் வாங்கலாம் என்கிறாராம். எனக்கு அந்தக் கார்டைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் போன மாதம் தனத்தோடு விழுப்புரம் போய் வந்ததை எழுதுகிறேன், படித்துப் பார். மாப்பிள்ளை தவறிப்போய் அவள் இங்கே வந்ததிலிருந்து யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. சித்திரையில்தான் முதன்முதலாக, "ஒரு தையல் மெஷின் இருந்தா என் செலவை நானே பாத்துக்குவேம்பா" என்றாள். அந்தச் சமயம் பார்த்துத் திண்டிவனத்தில் மைக் கட்டிய கார் ஒன்று சுற்றியது. விழுப்புரத்துக் கடையில் கொஞ்சம் முன்பணம் கட்டினால் மெஷினைக் கொண்டுபோகலாம், மீதி தவணையில், கூடவே எவர்சில்வர் குடம் இலவசம் என்றார்கள். போனோம். கடைக்காரர் உட்காரவைத்துக் குடிக்கக் கலர் வாங்கிக் கொடுத்தார். மெஷின் சக்கரத்தில் வைத்த கையைத் தனம் எடுக்கவே இல்லை, அதைப் பார்த்து நானும் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டேன். அப்போது அவள், "ஒரு மாசம் கட்ட முடியலன்னா இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டாள். "அத அப்புறம் பாத்துக்கலாம்மா" என்று அவர் சிரித்தார். "அப்புறம் வாணாங்க, இப்பவே சொல்லிடுங்க" என்றாள். அவர் கொடுத்த கலரைக் குடித்துவிட்டு இப்படிக் கேட்கிறாளே என்று எனக்குக் கூச்சம், கண்ணால் சாடை காட்டினேன், அவள் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டதும் அவர் சிரிப்பு நின்றுபோனது. ஒரு தவணை தவறினாலும் மெஷினைத் தூக்கிப் போய்விடுவார்களாம், கட்டிய பணமும் திரும்பாதாம். மொத்தமாகக் கொடுத்தால் என்ன விலை என்று கேட்டபோதுதான், வட்டியோடு குடத்தின் விலையும் தவணைக்குள் இருப்பது தெரிந்தது. "அப்ப குடம் சும்மா வரலைங்க" என்று சொல்லி எழுந்துவிட்டாள். திண்டிவனம் வரும்வரை பஸ்ஸில் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அழுதாள் என்று நினைக்கிறேன்.

மல்லாட்டைப் பணம் கைக்கு வந்த அன்று, திண்டிவனம் டெய்லர் சவுரிராயன் தன் பழைய மெஷினை விற்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். அவர் எடுத்ததுமே, "பாபின் அப்பப்ப மக்கர் பண்ணும்மா, எண்ணெய் விட்டுக்கினே இருக்கணும், ஓட்டிப் பாத்து எடுத்துக்க" என்றார். தனம் அங்கேயே துணி வைத்து ஓட்டிப் பார்த்தாள், ரொக்கம் கொடுத்துக் கொண்டுவந்தோம். பள்ளிக்கூடம் திறந்ததால் யூனிஃபார்ம் துணி குவிந்து கிடக்கிறது. சாப்பிடக் கூப்பிட்டால் "தோ வர்றேன்" என்று குரல்தான் வருகிறது, ஆள் வருவதில்லை. அம்மா அலுத்துக்கொண்டாலும் அவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

கார்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, உனக்கு உபயோகமென்றால் எடுத்துக்கொள். முதல் வருடம் சரி, அடுத்த வருடம் எவ்வளவு, ஒரு மாதம் முழுதாகக் கட்டாவிட்டால் வட்டி எந்தத் தேதியிலிருந்து, கார்டைத் திருப்பிக் கொடுத்தால் சூட்கேஸ் யாருக்கு என்பதையெல்லாம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடு. படித்தவன் இதைக் கேட்கலாமா என்று கூச்சப்படாதே.

நீங்கள் இருவரும் குறைவில்லாமல் நிறைந்து வாழ அப்பா அம்மாவின் ஆசீர்வாதம். தனம் உனக்கு ஒரு சட்டை தைத்துப் பார்சலில் அனுப்பியிருக்கிறாள். உன் அளவு இல்லாததால் என் சட்டையை வைத்து வெட்டினாள். பிடிக்கவில்லை என்றால் எங்கே பிடிக்கவில்லை என்று அவளுக்கே எழுதிவிடு, மழுப்பி எழுதினால் அவள் விடமாட்டாள்.

இப்படிக்கு
உன் அப்பா
தாண்டவராயன்