வலது பக்கத்து மூக்குத்தி

இன்று காலை, தையல் விட்டுப்போன ஒரு புத்தகத்தை ஒட்டப் புளியங்கொட்டைப் பசை காய்ச்சினேன். வாசனை எழுந்ததுமே அடுப்பை அணைத்துவிட்டேன். உங்கள் அம்மாவின் படத்தைப் பலாக்கட்டையில் ஒட்டியதும் இதே பசையில்தான்.

பாலக்காடு இன்னும் சென்னை ராஜ்யத்தில் இருந்த காலம் அது. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் துணியில் அச்சுக் குத்தும் கட்டைகளைச் செதுக்கி வந்தோம். பூ, கொடி, மாங்காய் எல்லாம் செதுக்குவோம். முகம் மட்டும் எங்கள் வழக்கத்தில் கிடையாது. நீங்கள் பாலக்காட்டை அடுத்த சித்தூர்ப் பக்கத்திலிருந்து வண்டி கட்டி வந்து, "ஏனுங்க பாய், அம்மா போயிட்டாங்க. ஒரு போட்டோகூட இல்லீங்க. அவங்க மொகத்த ஒரு கட்டையில வெட்டித் தாங்க" என்று நின்றபோது மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. அந்த அம்மா கையால் எத்தனை நாள் சாப்பிட்டிருக்கிறேன்.

இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் சொல்லச் சொல்ல நான் வரைந்தேன். "மூக்கு இன்னுங் கொஞ்சம் எறக்கமுங்க" என்பீர்கள். வலது பக்கம் மூக்குத்தியை வைத்ததும் உங்களுக்குக் கண் கலங்கிவிட்டது.

அச்சில் எல்லாமே இடவலம் மாறி விழும். அதனால் படத்தாளைக் கட்டையில் குப்புற ஒட்ட வேண்டும். பூவும் மாங்காயும் எந்தப் பக்கம் திரும்பினால்தான் என்ன? எங்கள் கைக்கு அந்தக் கவலையே பழக்கமில்லை. படம் மேலே தெரிய ஒட்டி, தாளோடு சேர்த்தே செதுக்கிவிட்டேன். பத்து நாள் வேலை. மை தடவி முதல் பிரதியை உரித்தபோதே, மூக்குத்தி இடது பக்கம் விழுந்திருப்பது தெரிந்துவிட்டது.

வேறு கட்டை வெட்டியிருக்கலாம். தப்பாகிவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பெரிய வேலைக்காரன் என்ற கொழுப்பு என்னை விடவில்லை.

"பாய், அம்மாவுக்கு மூக்குத்தி சோத்தாங்கைப் பக்கமுங்களே?" என்றீர்கள்.

"இல்லீங்க, எடது பக்கந்தான். நாம வரைஞ்சதும் இப்படித்தான். நீங்க துக்கத்துல மறந்துட்டீங்க" என்றேன். வரைந்த தாள் மரச்சுருளோடு குப்பையில் போயிருந்தது. எதைக் காட்டி என்னை மடக்குவீர்கள்?

வெகுநேரம் படத்தையே பார்த்தீர்கள். "அப்பிடீங்களா? எனக்குத்தான் ஓர்மை தப்பிப்போச்சாட்ட இருக்குதுங்க" என்று அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு போனீர்கள்.

போன மாதம் உங்கள் காரியத்துக்கு வந்தேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்தப் படம் சுவரில் இருந்தது. உங்கள் மகள் காபி கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "இந்தப் படத்தப் பாத்தா அப்பா கலங்கிப்போயிருவாருங்க மாமா. 'பெத்தவ மொகமே எனக்கு மறந்துபோச்சு, பாய்தான் சரியா ஞாபகம் வெச்சிருந்தாரு'ன்னு சொல்லுவாருங்க."

காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இப்போது, திருப்பிக் கேட்க முடியாத உங்களிடம் சொல்கிறேன். இதிலும் நான் கோழைதான். வெட்கமாக இருக்கிறது. நான் செதுக்கிக் கெடுத்தது கட்டையை மட்டுமல்ல.

வலது பக்கம்தான். நீங்கள் மறக்கவில்லை.