திங்கட்கிழமை விமானம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். போனில் நான் பேசும்போதெல்லாம் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள். அதனால்தான் இந்தக் கடிதம். காலையில் எழுந்ததும் மாமாவின் கைபேசியில் படம் எடுத்து அனுப்பிவிடுவேன்.

அம்மாவுக்கு வந்திருப்பது சளி இல்லை அப்பா. கழுத்தில் கட்டி. புதன்கிழமை காலை அறுவைச் சிகிச்சை. உயிருக்குப் பயமில்லையாம். ஆனால் கட்டி நரம்பை ஒட்டி இருப்பதால் குரல் பழையபடி வராமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னார். பேருந்து நிலையத்தில் மைக்கில் அறிவிப்புச் சொல்கிறவளிடம் அதைச் சொன்னார். அம்மா கேட்ட ஒரே கேள்வி, "சனிக்கிழமை டூட்டிக்குப் போகலாமா சார்?"

உங்களிடம் மறைத்ததற்கு நம் பஸ் ஸ்டாண்ட் டைம் கீப்பர் மாமாதான் காரணம். போன முறை நீங்கள் கிளம்பிய டிக்கெட்டைப் பார்த்தார். இங்கே பத்து மணிக்குப் புறப்பாடு, அங்கே பன்னிரண்டு மணிக்கு இறக்கம். "ரெண்டே மணி நேரம்தான்க்கா! நம்ம மலை பஸ்ஸே அஞ்சு மணி நேரம் உருளுது. ஏதாவதுன்னா ஒரு போன் போட்டா மச்சான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துடுவார்" என்றார். "அப்புறம் எதுக்கு இப்பவே அவரைப் பதற வைக்கணும்?" என்று அம்மா தன் வாயை மூடிக்கொண்டாள், என் வாயையும் மூடிவிட்டாள்.

நான் பள்ளி நூலகத்தில் நிலப்படத்தின் மேல் நூலை வைத்து அளந்தேன். மூவாயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல். விமானம் நாலரை மணி நேரம் பறக்கிறது. உங்கள் ஊர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. அதைத்தான் மாமா கணக்கில் விட்டுவிட்டார். அதைவிட மோசம், அங்கிருந்து இங்கே வரும் விமானம் திங்களும் வியாழனும் மட்டும்தான். மாமாவிடம் விளக்கினேன். "ஊருக்கு ஊர் கடிகாரம் மாறினா டைம் கீப்பர் எதுக்குடி?" என்று சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். பாதியில் தொண்டை கரகரத்து நின்றுவிட்டது.

இரண்டு வாரமாக அம்மா உங்களிடம் நிறையப் பேசுகிறாள் அல்லவா? "என்னடி, பஸ் ஸ்டாண்ட் மைக்கை வீட்டுக்கே தூக்கிட்டு வந்துட்டியா?" என்று நேற்றுகூடக் கேலி செய்தீர்கள். போனை வைத்த பிறகு அவள் சமையலறையில் போய் நின்றுகொண்டாள். அடுப்பு எரியவில்லை.

நாளை, திங்கட்கிழமை மாலை விமானத்தை விட்டால் அடுத்தது வியாழன். உங்கள் மேஸ்திரி லீவு என்றாலே எரிந்து விழுவார் என்று தெரியும். இந்தக் கடிதத்தையே காட்டுங்கள். சொன்னதற்காக அம்மா என்னைத் திட்டினால் திட்டட்டும், வாய் வலிக்கத் திட்டட்டும். செவ்வாய்க்கிழமை முழுக்க நீங்கள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருங்கள். வேறு எதுவும் வாங்கி வரவேண்டாம்.

பத்திரமாக வாருங்கள் அப்பா.

பாசமுள்ள,
உங்கள் மகள்

பி.கு.: இதைத் தெருவிளக்கு வெளிச்சத்தில் எழுதுகிறேன். நான் வீட்டுப்பாடம் எழுதுவதாக அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள். "கண்ணு கெட்டுப்போகும்டி, படு" என்றாள். காதில் விழவில்லை என்று பொய் சொல்லி, இன்னொரு முறை சொல்லவைத்தேன். சொல்லிவிட்டு விளக்கை அணைத்துவிட்டாள்.