கவிதையில் சிரித்தவர்

ஐப்பசி, வியாழன் இரவு

ஆதார் கார்டைத் தேடிய என் கணவர் பீரோவில் இருந்த என் கவிதை நோட்டைப் படித்துவிட்டார். ‘வாய்க்காலில் என்னைத் தூக்கிக் கடந்து வாய்விட்டுச் சிரித்தவனே’ என்று ஒரு காதல் கவிதை.

“யாருடி இவன்?” என்று நோட்டை என் முன் நீட்டினார்.

“நீங்கதாங்க. கல்யாணமான புதுசுல, விழிதியூர் வாய்க்கால்ல...”

“நான் என்னைக்குடி அப்படிச் சிரிச்சேன்?”

பதினெட்டு வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் சிரித்தார். அதை அவரே மறந்துவிட்டால் சாட்சிக்கு நான் யாரைக் கூப்பிடுவேன்?

சாப்பிடாமல் படுத்துவிட்டார். நோட்டு அவர் தலையணைக்கு அடியில் இருக்கிறது. அடுப்படியில் உட்கார்ந்து காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதுகிறேன்.

சற்று முன் அறையிலிருந்து கேட்டார்: “நெசமாவே அது நான்தானா?”

“ஆமாங்க” என்றேன்.

அந்தக் குரலில் இருந்தது கோபமா, அழுகையா தெரியவில்லை. உள்ளே போய் முகத்தைப் பார்க்கப் பயமாக இருக்கிறது.