சட்டி மூடிக்கு ஒரு குமிழ்

என் வீட்டு மேஸ்திரிக்கு,

நான் நலம். உன் இருமல் நின்றதா? அம்மா வேளாவேளைக்கு மாத்திரை போடுகிறாளா?

பட்டறையில் நான் ஓட்டும் சின்ன லேத்தைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டோம். தேய்ந்துபோன பழைய தடத்தை எடுத்துவிட்டு, சிறு குண்டுகளில் வழுக்கி ஓடும் லீனியர் ரெயில் போட்டது நான்தான். கையால் சுற்றும் சக்கரம் இருந்த இடத்தில் இப்போது மோட்டார் இருக்கிறது. என் கை மட்டும் இன்னும் சக்கரத்தைத் தேடுகிறது.

நேற்று முதலாளி முன்னால் முதல் ஓட்டம். நாற்பது எம்.எம். உருளை கேட்டார், இருபதில் வந்து நின்றது. கம்ப்யூட்டர் விட்டம் கேட்ட இடத்தில் ஆரத்தை அடித்திருக்கிறேன்.

"மெஷினுக்குப் புத்தி வந்துடுச்சு, உனக்குத்தான் இன்னும் வரல" என்றார். திருத்தி ஓட்டினேன், மயிரிழை பிசகவில்லை.

"அடுத்த மெஷினையும் நீயே மாத்திடு. முடிச்சுட்டு ஊருக்குப் போயிட்டு வா" என்றார்.

வீணான அந்தத் துண்டை உன் சட்டி மூடிக்குக் குமிழாகக் கடைந்து வைத்திருக்கிறேன். இன்னும் எத்தனை நாள் துணி சுற்றித் தூக்குவாய்? மூடியில் இருக்கும் ஓட்டையை அளந்து எழுது.

சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன். ரொம்பச் சரியாக அளந்துவிடாதே. கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால்தான் நானே வந்து அரத்தால் ராவிப் பொருத்த வேண்டியிருக்கும்.

உன் வீட்டுக்காரன்