அந்த மணிச் சத்தம் கிதாருடையது

கிதார் உறையின் பக்கவாட்டுப் பையில் இன்று ஒரு பழைய பனியன் துணி கிடைத்தது. முகர்ந்து பார்த்தேன். சிக்குப் பிடித்த தேங்காயெண்ணெய் வாடை. உடனே உன் மேல் கோபம் வந்தது. போனவன் மேல் கோபப்படக்கூடாது என்கிறார்கள். போனவன் நீயாக இருந்தால் படலாம்.

கம்பிக்கு எண்ணெய் போடச் சொன்னவன் யார்? நீதானே. படகு எஞ்சினோடு பிழைத்த வீடு உன் வீடு. "இரும்புன்னா எண்ணெய் காட்டணும்டா, இல்லேன்னா உப்புக்காத்து தின்னுப்புடும்" என்றாய். பத்தாவதை இரண்டு தடவை எழுதியும் தேறாதவன் நான். நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். கச்சேரி முடிந்து நீ கீபோர்டை மூட்டை கட்டும்போது, நான் கம்பிகளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பேன்.

என் மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. பள்ளி ஆண்டுவிழாவில் அவளுடைய நடனம். திரை விலகும்போது மூன்று மணிச் சத்தம். மூன்றாவதில் அவள் கண்ணைத் திறக்க வேண்டும். "அப்பாவே கிதார்ல வாசிப்பாங்க" என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு வந்தாள். பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டால் வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்தச் சொல்கிறவள், என்னைப் பற்றி வெளியில் பெருமையாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

நீ அப்போதுதான் போலகத்தில் இருந்த உன் வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கி வைத்திருந்தாய். ஆம்ப்ளிஃபயரே இல்லாமல் ஆம்ப்ளிஃபயர் சத்தம் தரும் சாஃப்ட்வேர் என்று ஒரு சீடியைக் காட்டினாய். திரையில் குமிழ்கள்கூட வரைந்திருந்தன. உன் கீபோர்டும் என் கிதாருமாக, நடனத்துக்கான இசையை அதிலேயே பதிவு செய்து விழாவில் போடுவதாகத் திட்டம். கிதாரை அதில் சொருகினோம். கம்பியை அழுத்தாமல், பன்னிரண்டாம் கட்டத்தின் மேல் விரலை வெறுமனே ஒட்டவைத்து, மீட்டியதும் எடுத்துவிட்டால் மணி அடித்தது போல் கேட்கும். ஹார்மோனிக்ஸ் என்பாய். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை. அன்றைக்குக் கேட்டது 'டொக்'. பலகையில் தட்டின மாதிரி.

"விரல்லதான்டா கோளாறு."

"இத்தனை வருஷமா இதே விரல்தான்டா."

"எதுக்கு மல்லுக்கட்டுற? நான் கீபோர்டுல ஒரு கட்டையை அமுக்குனா கோயில் மணியே வரும்."

கோயில் மணியாம். அப்பா வாசிப்பார் என்றுதான் அவள் சொல்லியிருந்தாள், உன் கட்டை வாசிக்கும் என்றல்ல. கிதாரைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று கிளம்பினேன். ஒயரைக் கழற்றாததால் இரண்டு எட்டுக்கு மேல் போக முடியவில்லை. நீ சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்கு மன்னிப்பே கிடையாது.

அப்புறம் திரையில் தோண்டித் துருவினாய். இரைச்சலைத் தடுக்க அதில் ஒரு கதவு இருக்கிறதாம். சத்தம் குறைந்தால் தானே சாத்திக்கொள்ளுமாம். ஃபிரிட்ஜ் இரைச்சல் நுழையக்கூடாதென்று நீயே அதை இறுக்கி வைத்திருந்தாய். மணி அடித்து ஓய்வதற்குள் கதவு சாத்திவிடுகிறது. இதில் என் விரலுக்குப் பழி. கதவைத் தளர்த்தி ஃபிரிட்ஜையும் அணைத்தாய். சத்தம் நீண்டது. ஆனால் போர்வைக்குள்ளிருந்து வருவது போல் மந்தம். கம்பியைத் தொட்டுப் பார்த்து, விரலை முகர்ந்தாய்.

"என்னடா, தலைக்குத் தேய்க்கிறத இதுல தேய்ச்சிருக்க? எந்தக் கிறுக்கன் சொன்னான்?"

நான் உன்னையே பார்த்தேன். நீ ஜன்னலைப் பார்த்தாய்.

கம்பிகளைக் கழற்றி, சோப்புத் தூள் போட்டு, இட்லிப் பானையில் வேகவைத்தாய். உன் மனைவி வந்து மூடியைத் திறந்தார். "ரெண்டு பேரும் இதையே தின்னுட்டுக் கெளம்புங்க. உங்களுக்கும்தாண்ணே சொல்றேன்." நான் பானையைத் தொடவே இல்லை.

எண்ணெய் போன கம்பியை மாட்டி மீட்டினேன். மணி அடித்தது. ஃபிரிட்ஜ் ஓய்ந்த அந்த அறையில் அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. நீ அதை அப்படியே பதிவு செய்தாய்.

விழாவில் நம் பதிவு ஒலிக்க, மூன்றாவது மணிக்கு மகள் கண்ணைத் திறந்தாள். எனக்குக் கண் மங்கிவிட்டது. நடனத்தை ஒழுங்காகப் பார்க்கவில்லை. வெளியே வந்தால் டீச்சர் உன்னிடம், "அந்த மணிச் சத்தம் கீபோர்டுல எவ்வளவு அழகா வந்துச்சுங்க சார்" என்கிறார். நீ கைகூப்பினாய். மறுக்கவில்லை. "கிதாரும் நல்லா இருந்துச்சு" என்று எனக்கும் ஒரு வார்த்தை கிடைத்தது. வழியெல்லாம் சண்டை போட்டேன்.

"சந்தோஷமா சொல்றாங்க, கெடுப்பானேன்? உன் பொண்ணுக்குத் தெரியும்ல, போதாதா?"

போதாது என்றேன். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

உன் கருமாதிக்கு அந்த டீச்சர் வந்திருந்தார். "சார் கீபோர்டுல வாசிச்ச மணி இன்னும் காதுலயே இருக்குங்க" என்றார். அத்தனை வருடமாகச் சேர்த்து வைத்திருந்த பதில் நாக்கு நுனியில் நின்றது. பக்கத்தில் உன் மனைவி.

"ஆமாங்க, அவன் கைராசி அப்படி" என்றேன்.

உன் மனைவிக்கு இட்லிப் பானை ஞாபகம் வந்திருக்க வேண்டும். அழுது வீங்கிய முகத்தோடு என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். என் வாயாலேயே இப்படிச் சொல்ல வைத்துவிட்டுப் போய்விட்டாய். நியாயமா இது?

இப்போது கம்பிக்கு எண்ணெய் போடுவதில்லை. உப்புக்காத்து தின்கிறது, புதிதாக மாற்றுகிறேன். மகள் கல்லூரி விடுமுறைக்கு வந்தால் அந்த மூன்று மணியை வாசிக்கச் சொல்வாள். வாசித்து முடித்ததும், கச்சேரியில் நீ நிற்கும் இடப்பக்கமாகத் திரும்பிச் சொல்கிறேன்: கேட்டுக்கடா, இது கிதார்.