மகிழஞ்சோலையில் அம்மா

ஜனவரி 19, 2025

குடியிருப்போர் சங்க மலருக்கு நான் எழுத வேண்டுமாம். 'மகிழஞ்சோலை: ஓர் அறிமுகம்.' கல்லூரியில் பாடம் நடத்துகிறவளுக்கு எழுதவும் வரும் என்று யார் சொன்னது? நான் நடத்துவது வேதியியல். மறுக்கத் தெரியாமல் தலையாட்டிவிட்டேன்.

முதல் வரி கிடைத்துவிட்டது: 'திருவிடந்தையில் கடற்கரைச் சாலையை விட்டு உள்ளே திரும்பியதும் வெயில் நின்றுவிடுகிறது.' உண்மைதான். தூங்குமூஞ்சி மரங்கள் அப்படி. ஆனால் இங்கே நாய்களின் பெயர் எல்லோருக்கும் தெரியும், தோட்டக்காரரின் பெயர் யாருக்கும் தெரியாது. அதை எழுத முடியாது.

மழையில் ஊரில் ஓடு சரிந்ததிலிருந்து அம்மா என்னோடும் என் கணவன் சாமோடும்தான் இருக்கிறாள். இனி இங்கேயே இருந்துவிடு என்கிறேன். சரி என்றும் சொல்வதில்லை, மாட்டேன் என்றும் சொல்வதில்லை. இன்று ஊதா நிறத்தில் ஒரு புடவை கட்டியிருந்தாள். ஏது என்று கேட்க நினைத்து மறந்துவிட்டேன்.

ஜனவரி 22

"நானும் சாமும் வேலைக்குப் போயிட்டா பகலெல்லாம் தனியா இருக்கியே, சலிக்கலியா?"

"இன்னாத்துக்கு சலிப்பு? பொழுது போய்க்கினுதான் கீது."

முகம்கூடத் தெளிந்திருக்கிறது. நம்பலாமா?

ஜனவரி 25

எழுத வரவில்லை.

ஜனவரி 26

மலருக்காகச் சில வீடுகளில் பேசிவிட்டு நேற்று மாலை எதிர்வீட்டுக்குப் போனேன். சியாமளா, அவர் கணவர் நரசிம்மன். பல வருஷம் அணுசக்தித் துறையின் அணுபுரம் குவார்ட்டர்ஸில் இருந்து, ஓய்வு பெற்று இங்கே வந்தவர்கள்.

இங்கே உங்களுக்குப் பிடித்தது எது என்று கேட்டேன்.

"மனுஷங்கதான் மேடம். எல்லாரும் நம்மள மாதிரி படிச்ச குடும்பங்க."

"கொசுவையும் எழுதிக்குங்க" என்றார் நரசிம்மன். "அதுங்கதான் இங்க மெயின்டனன்ஸ் கட்டாம இருக்குதுங்க."

சிரித்தோம். பிறகு சியாமளா குரலைத் தாழ்த்தினார். "உங்ககிட்ட ஒரு ஸாரி சொல்லணும். எங்க வேலைக்காரி ஊருக்குப் போயிட்டா. பகல்ல உங்க வீட்டு ஆயாவைத்தான் கூப்பிட்டுக்கறேன். பாத்திரம், காய் நறுக்கறது, அவ்வளவுதான். தப்பா எடுத்துக்க மாட்டீங்கன்னு..."

எங்கள் வீட்டில் ஆயா கிடையாது. அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

"காபி நானேதான் கலந்தேன், அவங்க கை படல. தைரியமாக் குடிங்க" என்று சிரித்துவிட்டு உள்பக்கம் திரும்பினார். "ஆயா, கொண்டு வா!"

தட்டோடு அம்மா வந்தாள். ஊதாப் புடவை. கழுத்தில் நீலக் கயிற்றில் கேட் அட்டை.

இங்கே குடியிருப்பவர்களின் குடும்பத்துக்குப் பச்சைக் கயிறு, வேலைக்கு வருகிறவர்களுக்கு நீலம். எனக்குத் தெரியும். அம்மாவின் அட்டை வாசல் ஆணியில் தொங்குவதைத் தினமும் பார்த்திருக்கிறேன் – பார்த்திருக்கிறேனா?

அம்மாவிடம் ஒரு தடுமாற்றமும் இல்லை. கோப்பையை என் முன்னால் வைத்தாள். "சக்கர ஜாஸ்தி கீது. உனக்கு சுகரு, பாதியோட நிறுத்திக்கோ."

சியாமளாவின் முகம் மாறியது. "என்ன ஆயா, மேடத்தை நீ வா போன்னா பேசறே?"

"என்னைப் பெத்தவங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். நரசிம்மன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். எதற்கு எழுந்தார்? சியாமளா வாயில் கை வைத்துக்கொண்டு என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"உங்களைப் பார்த்தா அப்படித் தெரியவே இல்லையே!"

எப்படி என்று கேட்டிருக்க வேண்டும். அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். வாசலில் கையை உதறினாள். "அடுப்புல பால் கீது. சொல்லிட்டு வரேன், இரு." சொல்லிவிட்டுத்தான் வந்தாள்!

ஜனவரி 27

இன்று கேட்டேவிட்டேன். ஏம்மா போனே?

"கூப்ட்டாங்கோ, போனேன். எதிர்வூட்டுக்காரங்க, ஒத்தாசைக்குக் கூப்பிடறாங்கன்னு நெனச்சேன். பழைய பொடவய எடுத்துக் குடுத்தப்பதான் வெளங்குச்சு."

"வெளங்கின அப்புறமும் போனியா?"

"அங்க பேச ஆள் கீது. இங்க இன்னா கீது, டிவி."

"அந்தக் கயிறு?"

"கேட்ல வாட்ச்மேன் பிரவின்குமாரு என் மூஞ்சியப் பாத்துட்டு இத்த மாட்டிக்கோன்னான், மாட்டிகினேன். நீயும் பாத்துகினுதான் இருந்தே, ஒண்ணும் சொல்லல. அதான் உனக்குத் தோதுன்னு நெனச்சுகினேன்."

தோதா? எனக்கா?

"பின்ன? மழைக்கு வந்தேன், பொங்கலும் போச்சு. ஒரு வூட்டுக்காச்சும் எங்கம்மான்னு கூட்டினு போனியா?"

நான் யார் வீட்டுக்கும் போகிறவள் இல்லை, என் சுபாவம் அது என்றேன்.

"மலருக்கு எழுத மட்டும் எல்லார் வூட்டுக்கும் போற."

சாம் தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

ஜனவரி 29

சங்கத்திலிருந்து உறையில் போட்டுப் பச்சைக் கயிறு அனுப்பியிருக்கிறார்கள். அம்மா உறையைப் பிரிக்கவில்லை. காலை நடையில் சியாமளா என்னைக் கண்டதும் அடுத்த தெருவுக்குள் திரும்பிவிட்டார்.

பிப்ரவரி 1

ஓடு மாற்றியாயிற்றாம். அம்மா ஊருக்குப் போய்விட்டாள். நீலக் கயிறு அதே ஆணியில் இருக்கிறது.

பிப்ரவரி 5

அறிமுகக் கட்டுரையை எடுத்து உட்கார்ந்தேன். 'நாங்கள் ஒரே குடும்பம் போல' என்று நானே ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன்! எந்த வீட்டில் யார் சொன்னது அது? அடித்தேன். அதன் மேல் வரியையும் அடித்தேன். வெயில் நின்றுவிடும் வரி மட்டும் மிஞ்சியது. என்னால் முடியாது என்று செயலாளருக்குச் சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 9

இன்று அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போனேன். கல்லூரிக்குப் போகும் வழிதான், ஆனாலும் ஊருக்குள் நுழைந்து வருஷமாகிறது. சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். தெருவில் ஒரு வீடு விடவில்லை. "என் பொண்ணு ஹெலன். செங்கல்பட்டு காலேஜுல டீச்சர்."

ஏசுபாதம் மாமா வாய்விட்டுச் சிரித்தார். "இன்னாக்கா, நான் தோள்ல தூக்கினு திரிஞ்ச புள்ள. எனக்கே யாருன்னு சொல்றியா?"

"தெரிஞ்சா இன்னா? மறுக்காத் தெரிஞ்சுக்கோ."

எல்லா வீட்டிலும் உட்காரச் சொன்னார்கள். எல்லா வீட்டிலும் உட்கார்ந்தேன்.

அம்மா வீட்டுக்குத் திரும்பியதும், "என்னோட வந்துடும்மா" என்றேன். உள்ளே போய் அந்த ஊதாப் புடவையைக் கொண்டு வந்தாள். துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்தது.

"இத்த அவங்க கையில குடுக்கணும். நீயும் வரணும். உன் வூட்டு வாசல்லேந்து ரெண்டு பேரும் ஒண்ணாப் போவணும். அப்பறம் பாக்கலாம், இருக்கறதா வேணாமான்னு."

அங்கேயே வாட்ஸ்அப்பில் சியாமளாவுக்கு எழுதினேன். 'அடுத்த ஞாயிறு மாலை நானும் அம்மாவும் உங்கள் வீட்டுக்கு வருகிறோம். இருப்பீர்களா?' கடைசி வார்த்தையை அழித்துவிட்டு அனுப்பினேன்.

படித்துவிட்டார். பதில் இல்லை.

அம்மா புடவையைப் பையில் வைத்தாள். "இந்த வாட்டி காபி நான் கலக்கறேன்னு சொல்லு. குடிக்கறாங்களான்னு பாப்போம்."

அப்படியானால் அன்று உள்ளே நின்று, 'அவங்க கை படல' என்றதைக் கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டுத்தான் தட்டை எடுத்து வந்திருக்கிறாள்.